கழற்றக்கூடாத மாலை

தம்பியின் மாமியாரைக் காணமுதலே புஸ்பராணிக்கு அவரைப் பிடிக்காது. கண்டபிறகு பிடித்துப்போய்விட்டது. கரைச்சல் எல்லாம் அதற்குள்தான் கிடந்தது.

மாமியாரின் பெயர் ரூத். ஹவாய்த் தீவில் ஹீலோ என்று ஓர் ஊர். அங்கே பள்ளிக்கூடச் சமையற்கட்டில் முப்பது வருசம் வேலை செய்து பென்சன் எடுத்தவர். அவருடைய மகள் நோயெலானி ரொறன்ரோவில் நேர்ஸ். புஸ்பராணியின் தம்பி அன்புராசா அதே ஆஸ்பத்திரிக் கன்ரீனில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு பேருக்கும் பழக்கமாகி, தொண்ணூற்று நாலாம் ஆண்டு சிற்றி ஹோலில் கையெழுத்து வைத்துக் கலியாணம் முடித்தார்கள். புஸ்பராணி போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னாள். காய்ச்சலாவது மண்ணாங்கட்டியாவது! ஏஜென்சிக்காரனைப் பிடித்துத் தம்பியைக் கனடாவுக்கு எடுப்பித்தவள் அவள். தன் வீட்டுச் சோபாவில் மூன்று வருசம் படுக்கவைத்துச் சோறு போட்டவள் அவள். கரவெட்டிப் பெட்டை ஒன்றைப் பார்த்துச் சாதகமும் பொருத்தி வைத்திருந்தவளும் அவள்தான். அப்படிப்பட்டவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தால் காய்ச்சல் வராமல் என்ன வரும்?

சனத்தின் வாய் சும்மா கிடந்ததா? பெம்பிளை பிலிப்பீனோவாம், இல்லையாம் ஸ்பானிஷாம் என்று ஸ்காபரோ முழுக்கக் கதைத்தது. கத்தரிக்காய் வாங்கக் கடைக்குப் போனாலும் யாராவது ஒருத்தி மெதுவாகப் பக்கத்தில் வந்து, தம்பி எப்படிச் சுகமாய் இருக்கிறாரோ என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு போவாள். புஸ்பராணிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு குழந்தை பிறந்தது. யதுஷா என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் நோயெலானி அந்தத் துணிச்சுருளை நீட்டி, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லால் ‘அக்கா’ என்றாள். புஸ்பராணி குழந்தையைக் கையில் வாங்கினாள். அவ்வளவுதான், இரண்டு வருசத்து வீம்பும் போன இடம் தெரியவில்லை. கலியாணம் கட்டிப் பதினாலு வருசம், அவளுக்கும் நவரட்ணத்துக்கும் பிள்ளை இல்லை. இந்தக் குஞ்சுக் கை தன் சட்டையைப் பிடித்து இழுத்தபோது அவள் அழுத அழுகையைப் பார்த்து நோயெலானியே பயந்துபோனாள்.

வருகிற செப்ரெம்பரில் நோயெலானி திரும்ப வேலைக்குப் போகவேண்டும். பிள்ளையைப் பகலில் யார் பார்ப்பது? தன்னிடம்தான் விடுவார்கள் என்று புஸ்பராணி தானே முடிவெடுத்து, டோர்செட் பார்க்கில் இருந்த தன் பதினோராம் மாடி வீட்டில், ஹோலின் மூலையில், ஒரு தொட்டில் கட்டிலும் வாங்கி, ஆணி பூட்டி நிறுத்திவைத்துவிட்டாள். வெள்ளை நிறம், நாலு பக்கமும் கம்பி. ஆனால் அன்புராசா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காரணம் ரூத். அந்த மனுசி ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுத்து, மூன்று பேரும் ஹீலோவுக்கு வந்துவிடுங்கள், இங்கே பிள்ளையைத் தூக்கப் பதினொரு பேர் இருக்கிறோம், அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

யூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்புராசா பிறம்ரனில் தன் வீட்டிலிருந்து ரெலிபோன் எடுத்தான். பிள்ளைக்கு ஒரு வயதாகப் போகுது, லூவாவ் விருந்து செய்யப் போகிறோம் என்றான். அந்தக் காலத்தில் அவர்களுடைய தீவுகளில் எத்தனையோ குழந்தைகள் ஒரு வயதைக் காணாமலே போய்விடுமாம். அதனால் ஒரு பிள்ளை முதல் வயதைத் தாண்டிவிட்டால் சொந்தம், சிநேகிதம், அயல் எல்லாவற்றையும் கூப்பிட்டு வயிறாரப் போடவேண்டும். மாமி அங்கேயிருந்து சாமான்களோடு வருகிறா. உங்கள் கட்டிடத்துப் பார்ட்டி ரூமை எடுத்துத் தாங்கோ, எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் நீங்களே சொல்லுங்கோ என்று கேட்டான்.

பிறகு மூன்று விசயம் சொன்னான். ஒன்று, மச்சம் சாப்பிடாதவர்கள் எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். இரண்டு, மாமி எல்லாருக்கும் பூமாலை போட்டுக் கன்னத்தில் கொஞ்சுவா, அங்கிள்மார் வெருண்டு ஓடக்கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கியது.

“அக்கா, மாலையைக் கழட்டக்கூடாது. வீட்டை போகுமட்டும் கழுத்தில கிடக்கவேணும். போட்ட ஆளுக்கு முன்னால கழட்டினால் ‘உன்ர அன்பு எனக்கு வேண்டாம்’ எண்டு முகத்தில எறியிற மாதிரி. எங்கட ஆக்களுக்கு இது கட்டாயம் சொல்லிப்போடுங்கோ. நாங்கள் இஞ்ச இருக்கிறதோ அங்க போறதோ எண்டது அண்டைக்கு மாமி எங்கட சனத்தைப் பார்க்கிறதிலதான் இருக்கு.”

ஏன் இவ்வளவு அழுத்திச் சொன்னான் என்று தமிழ்ச்சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஆட்களுக்கு மாலை விழுந்தால் அடுத்த நிமிசமே கழற்றிக் கையில் எடுப்பதுதான் பணிவு. கழற்றாமல் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறவன் ஒன்றில் மாப்பிள்ளை, இல்லாவிட்டால் எலக்சனில் நிற்கிறவன். சங்கக் கூட்டத்தில் ஒருத்தர் அஞ்சு நிமிசம் கூடப் போட்டிருந்தால் ஆறு மாசத்துக்கு நக்கல் அடிப்பார்கள்.

புஸ்பராணி கொப்பியில் இருபத்திரண்டு குடும்பத்தின் நம்பர்களை எழுதிவைத்துக்கொண்டு ரெலிபோனுக்கு முன்னால் இருந்தாள். முதல் அழைப்பு அஜின்கோர்ட்டில் இருந்த ஜெயமலருக்கு. ஜெயமலர் நவரட்ணத்தின் ஒன்றுவிட்ட தங்கை. நாலு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள். மனதில் ஒன்றும் வைத்திராத, ஆனால் வாயை அடக்கத் தெரியாத பிறவி. புஸ்பராணி கொஞ்சுகிற விசயத்தைச் சொல்லிவிட்டு மாலைக்கு வரமுதலே அங்கே சிரிப்புத் தொடங்கிவிட்டது. விக்கல் எடுக்கும்வரை சிரித்துவிட்டு, “அப்ப மச்சாள், நீங்கள் புல்லுப்பாவாடையும் கட்டி ஆடப் போறியளோ?” என்று கேட்டாள்.

புஸ்பராணிக்கு முகம் சுட்டது. தானும் சிரிக்கிறமாதிரிச் சிரித்து ரெலிபோனை வைத்தாள். மிச்சம் இருபத்தொரு வீட்டுக்கும் இடம் சொன்னாள், நேரம் சொன்னாள், மச்சமா மரக்கறியா என்று கேட்டாள். கொஞ்சுவதையும் மாலையையும் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மனுசியின் சட்டதிட்டங்களை நான் ஏன் வீடு வீடாய்க் காவவேண்டும், என்னைப் பார்த்து ஏன் இன்னும் இருபத்தொரு பேர் சிரிக்கவேண்டும் என்று நினைத்தாள். அதற்குக் கீழே இன்னொரு நினைப்பும் கிடந்தது. பதினொரு பேர் இருக்கிறார்களாம், பெரிய பதினொரு பேர்! அவவும் ஒருக்கால் கொஞ்சம் மூக்குடைபடட்டும். இந்த நினைப்பை அவள் வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் அது அங்கேதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

யூலை மாதத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் சனம் வந்தது. ரூத் இரண்டு நாள் முதலே வந்திருந்தார். ஆள் நல்ல கட்டை, நல்ல பருமன், கன்னமெல்லாம் சிரிப்பு. காலையிலிருந்து பார்ட்டி ரூம் குசினியில் புஸ்பராணியோடு நின்று வேலை செய்தார். நிலக்கீழ் அடுப்பில் வேகவைக்கவேண்டிய பன்றியை, பிறம்ரனில் மின்னடுப்பில் இரவிரவாய் வேகவைத்துக் கையால் பிய்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். சேம்பங்கிழங்கை அவித்து மசித்து, ஊதா நிறத்தில் களிமாதிரி ஒன்று. அதற்குப் பெயர் ‘போய்’. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி இறுகவைத்துச் சதுரம் சதுரமாய் வெட்டிய ஹவுப்பியா. மரக்கறிக்காரர் பதினாறு பேர் என்று புஸ்பராணி சொல்லியிருந்தாள். அந்தப் பதினாறு பேருக்கும் ரூத் தனியாக வள்ளிக்கிழங்கைச் சேம்பிலையில் பொதிந்து, தனிப் பானையில், பன்றி பட்ட கரண்டி படாமல் அவித்திருந்தார். புஸ்பராணி நூற்றைம்பது உழுந்து வடை சுட்டுக்கொண்டு வந்து மேசை ஓரத்தில் வைத்தாள். ரூத் அதைத் தூக்கி மேசைக்கு நடுவில், கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். ஹீலோவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் ‘அன்ரி’, இங்கே நீயும் அன்ரியாமே, இரண்டு அன்ரிமாரும் சேர்ந்தால் இந்தப் பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் புஸ்பராணிக்கு அவரைப் பிடித்துப்போனது. சொல்லாமல் விட்டது உறைத்ததும் அந்த நேரத்தில்தான். சனம் வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. மேலே ஓடிப்போய் இருபத்திரண்டு நம்பரையும் அடித்துச் சொல்லியிருக்கலாம். இல்லை, வாசலில் நின்று வருகிறவர்களின் காதில் போட்டிருக்கலாம். சொன்னால் ‘ஏன் முதலே சொல்லவில்லை’ என்று கேட்பார்களே என்று நினைத்துக்கொண்டு அவள் வடைகளை அடுக்கியதையே திருப்பி அடுக்கினாள்.

ரூத் வாசலில் நின்றார். ஊதாவும் வெள்ளையுமாய் ஓர்க்கிட் பூ மாலைகள், அறுபத்தைந்து. அவரும் அவருடைய மூன்று சகோதரிகளும் விரல் நோக நோகக் கட்டி, ஐஸ்பெட்டிகளில் அடுக்கி, இரண்டு பிளேன் மாறிக் கொண்டுவந்தவை. முதல் மாலை புஸ்பராணிக்கு. இரண்டாவது நவரட்ணத்துக்கு, மாலையோடு கன்னத்தில் கொஞ்சலும் விழ, மனுசனுக்குக் காது சிவந்துவிட்டது. நாலு அடி நடந்ததும் அவர் பழக்கதோசத்தில் மாலையைக் கழற்றிக் கதிரை முதுகில் தொங்கவிட்டார். புஸ்பராணி பார்த்தாள். கழட்டாதேங்கோ என்று சொல்ல ஒரு வினாடி போதும். அவள் சொல்லவில்லை.

சச்சிதானந்தன் மாஸ்ரர் வந்தார். எழுபது வயது, அரைவாசிப் பேருக்குக் கணக்குப் படிப்பித்தவர், அந்தச் சூட்டிலும் கோட்டுப் போட்டிருந்தார். மாலை விழுந்ததும் இரண்டு கையாலும் பக்குவமாய்க் கழற்றி, கண்ணில் ஒற்றி, மேசையில் வைத்துக் கும்பிட்டார். எங்களுக்குள் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அவருக்குப் பின்னால் வந்த எல்லாரும் அப்படியே செய்தார்கள். ரூத் வாசல்பக்கம் திரும்பியே நின்றதால் ஒன்றையும் காணவில்லை.

புஸ்பராணியின் கையும் தன்பாட்டில் கழுத்துக்குப் போனது. மாலையைத் தொட்டதும் நின்றது. எல்லாரும் கழற்றியிருக்க, நான் மட்டும் போட்டிருந்தால் என்ன? ரூத் பார்ப்பா. இந்தச் சனத்துக்குள்ளே மரியாதை தெரிந்தவள் இவள் ஒருத்திதான், பிள்ளையை இவளிடம் விடலாம் என்று நினைப்பா. தொட்டிலின் வெள்ளைக் கம்பிகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவள் கையை இறக்கினாள்.

கடைசி ஆளுக்கும் மாலை போட்டுவிட்டு ரூத் சிரித்தபடி மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். வந்த சனத்தில் ஒருத்தர் கழுத்திலும் மாலை இல்லை. கதிரை முதுகிலும் யன்னல் விளிம்பிலும் பேப்பர் தட்டுகளுக்குப் பக்கத்திலும் மாலைகள் கிடந்தன. ஜெயமலரின் கடைசிப் பெட்டை ஒன்றைச் சோடாப் போத்தலுக்குப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். ரூத்தின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, உள்ளே இருந்தது போய்விட்டது.

மனுசி கரண்டியை எடுத்து எல்லாருக்கும் பரிமாறினார். எங்கள் சனமோ ஒன்றும் அறியாமல் சந்தோசமாய்ச் சாப்பிட்டது. ‘போய்’ கொஞ்சம் புளிப்பு, கட்டைச்சம்பல் இருந்தால் திறம் என்றார் நவரட்ணம். ஹவுப்பியாவை மூன்றாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள் ஜெயமலர். பன்றி தின்னாதவர்கள் என்று நினைத்திருந்த இரண்டு பேர் மற்றவர் பாராமல் பன்றியையும் ஒரு கை பார்த்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ரூத் ஐஸ்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கதிரையாய்ப் போய், மாலைகளை ஒவ்வொன்றாய் எடுத்து, குழம்பு பட்ட இடத்தைத் துடைத்து, திரும்பப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார். உதவி செய்கிறா என்று நினைத்துச் சனம் மாலைகளை எடுத்து எடுத்து நீட்டியது. பார்த்துக்கொண்டிருந்த நோயெலானி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

கடைசியில் ரூத் புஸ்பராணியிடம் வந்தார். அவளுடைய கழுத்தைப் பார்த்தார். கண் நிரம்பிவிட்டது. இரண்டு கையாலும் அவளுடைய முகத்தைப் பிடித்து, நீ ஒருத்தியாவது என் பேத்தியை வேண்டும் என்கிறாய், உனக்குப் புண்ணியம் கிடைக்கட்டும் என்ற கருத்தில் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். அந்தக் கைகளில் பூவின் மணமும் தேங்காய்ப்பால் மணமும் இருந்தன. புஸ்பராணி தலையைக் குனிந்துகொண்டாள். நினைத்தது நினைத்தபடியே நடந்தும், அவளுக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்றிருந்தது.

தலையை நிமிர்த்தியபோது அன்புராசா முன்னால் நின்றான். அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, மாலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, அவைக்குச் சொன்னனீங்களோ?”

“சொன்னனான்,” என்றாள். “எங்கட சனம் கேக்குமே?”

பக்கத்து மேசையில் ஹவுப்பியாவைக் கரண்டியால் வெட்டிக்கொண்டிருந்த மாஸ்ரருக்கு அது கேட்டுவிட்டது. என்ன தம்பி சொன்னது, என்ன கேக்கேல்லை என்று விசாரித்தார். அன்புராசா சொன்னான். மாஸ்ரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே தம்பி. சொல்லியிருந்தால் ஒரு கிழமைக்குக் கழட்டியிருக்கமாட்டனே.”

மனுசன் அதோடு நிற்கவில்லை. கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழும்பிப்போய், ரூத்துக்கு முன்னால் நின்று, தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், அம்மா, எங்கள் வழக்கத்தில் மாலையைக் கழற்றுவது ‘இவ்வளவு பெரிய மரியாதைக்கு நான் தகுதி இல்லை’ என்று சொல்வதாகும், தெரியாமல் உங்கள் மனதை நோகடித்துவிட்டோம், தயவுசெய்து எனக்கு இன்னொருமுறை போட்டுவிடுங்கள் என்று தலையைக் குனிந்தார். ரூத் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், பிறகு சிரித்தார், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார். மாலை விழுந்தது. கன்னத்தில் கொஞ்சலும் விழுந்தது. மண்டபம் முழுக்கக் கதிரைகள் பின்னால் போகிற சத்தம். அறுபது பேரும் திரும்ப வரிசையில் வந்து நின்றார்கள்.

“அட கடவுளே, எங்களுக்கு ஆரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதே!” என்றபடி ஜெயமலர் எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள். மாலையைப் போட்டுக்கொண்டு ரூத்தின் இரண்டு கன்னத்திலும் மாறி மாறிக் கொஞ்சினாள். நோயெலானி பாட்டைப் போட்டதும் நாலு பிள்ளைகளின் தாய் இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு, அவர்கள் கையை அசைக்கிறமாதிரி அசைத்து ஆடினாள். யதுஷா கையைத் தட்டிக்கொண்டு அவளிடம் தாவியது. அவள் ஆடிக்கொண்டே பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்தாள். இங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள்தான் என்று ரூத் மகளிடம் சொன்னது புஸ்பராணிக்கு நன்றாய்க் கேட்டது.

எல்லாம் அஞ்சு நிமிசத்தில் சரியாகிவிட்டது. அவளுடைய சங்கதியைத் தவிர. இப்போது எல்லாருடைய கழுத்திலும் மாலை இருந்தது. முதலே போட்டிருந்தவள் அவள் ஒருத்தி என்பதை ரூத் நன்றியோடு நினைத்துக்கொண்டிருந்தார், அன்புராசா வேறு விதமாய் நினைத்துக்கொண்டிருந்தான். தானும் கழற்றியிருந்தால் மறந்துபோனேன் என்றாவது சொல்லியிருக்கலாம். மறக்கவில்லை என்பதற்குச் சாட்சி அவளுடைய கழுத்திலேயே கிடந்தது.

பின்னேரம் அஞ்சு மணிக்குச் சனம் கலைந்தது. குசினியில் புஸ்பராணி தட்டுகளைக் கழுவினாள். அன்புராசா வந்து பக்கத்தில் நின்று, துணியை எடுத்துத் துடைத்து அடுக்கினான்.

“நாங்கள் ஹீலோவுக்குப் போகேல்லை,” என்றான் கடைசியில். “மாமிக்கு எங்கட சனத்தைப் பிடிச்சுப் போச்சு.”

அவளுக்கு மூச்சு வந்தது. நல்லது தம்பி என்றாள்.

“பிள்ளையை ஜெயமலர் அக்கா பார்க்கிறன் எண்டு சொல்லுறா. திங்களில இருந்து வெள்ளிமட்டும்.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த தட்டைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். ரெலிபோனில் விக்கல் எடுக்கச் சிரித்த அதே ஜெயமலர்! ஜெயமலர் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அதனால்தான் நான் சொல்லவில்லை என்று சொல்ல வாய் எடுத்தாள். அவளுக்கே அது கேவலமாய் இருந்தது. கடைசியில், தொட்டில் வாங்கி வைச்சிருக்கிறனே என்று மட்டும் சொன்னாள்.

“தெரியும் அக்கா.” அவன் துணியைப் பிழிந்து தொங்கவிட்டான். “நீங்கள் செய்ததை மாமிக்குச் சொல்லமாட்டன், நோயெலானிக்கும் சொல்லமாட்டன். ஆனா பிள்ளையை உங்களோட விடமாட்டன்.”

வாசலில் ரூத் அவளைக் கட்டிப்பிடித்தார். முதலாவது மாலையை உனக்குப் போட்டது என் அதிர்ஷ்டம் என்றார். பூ வாடினால் குப்பையில் எறியாதே, ஒரு மரத்தடியில் போடு என்றார். ஓம் ஓம் என்று தலையாட்டினாள் புஸ்பராணி. யதுஷா தகப்பனின் தோளில் நித்திரையாய்ப் போயிருந்தது. அன்புராசா அக்காவைக் கடந்து போகும்போது பிள்ளையை மற்றப்பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

பதினோராம் மாடிக்கு வந்த நவரட்ணத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குசினிக்கும் மேசைக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்போல. மாலையைக் கழற்றி யன்னலில் வைத்துவிட்டு, இலாச்சியிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினார். முதல் ஆணி கழன்று நிலத்தில் உருண்டது. அதைப் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, நீயும் அந்த மாலையைக் கழட்டி வையன், கழுத்து வேர்க்குது என்றார்.

புஸ்பராணி சோபாவில் இருந்தபடியே இருந்தாள். கழற்றவில்லை. கழற்றக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.